வளைகாப்பு வீட்டில் சொன்ன சொல்

வசந்தாமணியை அந்தப் பல்கலைக்கழகத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. முகத்துக்கு நேரே ஆன்ட்டி, முதுகுக்குப் பின்னால் ஹோல்ட் ஆன்ட்டி. டாலஸ் பக்கத்தில் இருக்கிற அந்த வளாகத்தின் மாணவர் சுகாதார மையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. சான்றிதழ் சரியில்லை என்றால் பிள்ளையின் கணக்கில் ஹோல்ட் விழும். விழுந்தால் எந்த வகுப்பிலும் பதிவு செய்ய முடியாது. விமானத்தில் வந்து இறங்கிய களைப்பு தீர்வதற்குள் அப்படி ஒரு ஈமெயில் வந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அழுவார்கள், கெஞ்சுவார்கள், "ஆன்ட்டி, நீங்க நம்ம ஊர்க்காரங்க" என்று ஐஸ் வைப்பார்கள். அவள் மசிய மாட்டாள்.

அவளுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் தட்டம்மை போட்டு, வேப்பிலை கட்டி, டாக்டரிடம் காட்டாமலே விட்டதில் வந்த வினை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே இத்தனை தப்புக் கண்டுபிடிக்கிறாளே, ரெண்டு கண்ணும் இருந்திருந்தால் நம்மைப் பட்டமே வாங்க விட்டிருக்க மாட்டாள் என்று பையன்கள் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு போய்விடுவாள். புருஷன் நஞ்சப்பனுக்கு லாஸ் கொலினாஸில் வேலை. அவனுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் அபார்ட்மென்டில் வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், கிரீன் கார்டு வந்ததும் பிடித்த முதல் வேலை இது. அதைச் சும்மா செய்துவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது.

அந்த வேலையில் அவளுக்குத் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வருகிற சான்றிதழ்கள் சிலவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்பதாம் மாதத்து ஊசி, அஞ்சு வயசு ஊசி, காலேஜ் சேரும்போது போட்ட ஊசி, எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும். விசா வந்த சந்தோஷத்தில், தெரிந்த டாக்டரிடம் போய், "பையன் அமெரிக்கா போறானுங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டால் எந்த டாக்டர் மாட்டேன் என்பார்? சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஏற்றுக்கொள் என்பது விதி. நெஞ்சுக்குள் நெருடினாலும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இர்விங்கில் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடை ஒன்றில் அவள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அண்ணா, வேப்பிலை இருக்கா? ஃப்ரெஷ்ஷா வேணும்."

"கறிவேப்பிலைதான் இருக்கு தம்பி. வேப்பிலை எதுக்கு?"

"சும்மாண்ணா... ஸ்கின்னுக்கு."

வசந்தாமணி திரும்பினாள். நெடுஞ்செழியன். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருஷம், போன செமஸ்டரில் அவளிடம் ஹோல்ட் வாங்கியவன். அவன் தள்ளுவண்டியில் இளநீர், மஞ்சள் பொடி, வெள்ளைத் துண்டு. சனிக்கிழமை வந்தால் கோழியும் பரோட்டாவுமாக அள்ளுகிற பையன், இளநீரும் வேப்பிலையும் வாங்குகிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். தமிழ் வீட்டில் பிறந்த யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு அவன் பின்னாலேயே பார்க்கிங்குக்குப் போனாள்.

"யாருக்குடா அம்மை?"

நெடுஞ்செழியன் கையிலிருந்த பை நழுவியது. "ஆன்ட்டி... யாருக்கும் இல்ல ஆன்ட்டி."

"எங்கிட்ட வேண்டாம். ரூம்ல யாரு படுத்திருக்கா?"

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "கவின். புதன்கிழமையிலேர்ந்து உடம்பு பூரா செவப்பா வந்துடுச்சு. அதுக்கு முன்னாடியே ஃபீவர். ப்ளீஸ் ஆன்ட்டி, ஹெல்த் சென்டர்ல ரிப்போர்ட் பண்ணிடாதீங்க. மிட்டர்ம் எக்ஸாம் இருக்கு. விசாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்து சாகறான்."

"விசாவாவது கிசாவாவது. வண்டியை எடு. நான் பின்னாடியே வர்றேன்."

"உங்களுக்கு ஒட்டிக்காதா ஆன்ட்டி?"

"எனக்கு வந்தது போதும்" என்று இடது கண்ணைக் காட்டினாள். "ஒரு தடவை வந்தா மறுபடி வராது. கிளம்பு."

அபார்ட்மென்ட் கதவில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. வேப்பிலை கிடைக்காத குறைக்கு ஆத்தாளை இதை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். வேறு சமயமாக இருந்தால், "ரசத்துக்குத் தாளிக்கவா?" என்று கேட்டிருப்பாள். உள்ளே கவின் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். முகமெல்லாம் சிவந்து, கண் இரண்டும் பழுத்து, இருமல் விடாமல் குத்தியது. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று ஜன்னலை மூடி வைத்திருந்தார்கள்.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னாங்க ஆன்ட்டி" என்றான் கவின். "மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்குவாளாம். மூணு தண்ணி ஊத்தினா தானா எறங்கிடுமாம்."

"உன் சான்றிதழ்ல தட்டம்மைக்கு ரெண்டு ஊசி போட்டிருக்கே. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அவன் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான். "மாமா ஃப்ரெண்டு டாக்டர். அவரு... எழுதிக் குடுத்தாரு."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனைத் தூக்கி உட்காரவைத்து நாலு சாத்து சாத்தியிருப்பாள். ஆனால் காய்ச்சல் கொதிக்கிற பிள்ளையைப் பார்த்தால் கோபம் எத்தனை நேரம் நிற்கும்? சுகாதார மையத்தின் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். டியூட்டி டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, தட்டம்மையாகத்தான் இருக்கும் என்றார். கவின் வெளியே போகக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே கூப்பிட வேண்டும், மாவட்டச் சுகாதாரத் துறை இன்றைக்கே பேசும் என்றார். அப்புறம் கேட்டார், அந்த வீட்டுக்குள் வேறு யார் யார் வந்து போனார்கள்?

வசந்தாமணி சமையல் மேடையைப் பார்த்தாள். எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. நெடுஞ்செழியனும் கவினும் வைத்துப் புழங்குகிற பாத்திரமாக அது தெரியவில்லை.

"இது யாருது?"

"ப்ரியா அக்காது" என்றான் நெடுஞ்செழியன். "திங்கக்கிழமையிலேர்ந்து கவினுக்கு ரசம், கஞ்சி எல்லாம் செஞ்சு அவங்களேதான் கொண்டு வந்தாங்க. பக்கத்துல ஒக்காந்து ஊட்டிக்கூட விட்டாங்க. செவப்பைப் பாத்துக் கேட்டாங்க, அலர்ஜின்னு சொல்லிட்டோம்."

"எந்த ப்ரியா? பயாலஜியில பிஎச்டி பண்ற சண்முகப்ரியாவா? அவ மாசமா இருக்காளேடா!"

நெடுஞ்செழியன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அம்மை போட்ட வீட்டுக்குள்ள வெளியாளை விடக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க ஆன்ட்டி" என்றான் கவின். அழுதுவிடுவான் போலிருந்தது. "அக்கா வெளியாள் இல்லையேன்னு..."

ஊர்ச் சம்பிரதாயத்தில் டாக்டரிடம் போகாதே என்கிற பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கதவைச் சாத்து என்கிற பாதியை, நம்ம அக்காதானே என்று தளர்த்திவிட்டார்கள். பாசத்தைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. கர்ப்பிணிக்கு வந்தால் நிமோனியா வரலாம், குழந்தை தங்காமலும் போகலாம். இப்போது தடுப்பூசி போடவும் முடியாது. நோய்க்கு எதிரான சத்தை நேராக ரத்தத்தில் ஏற்றும் மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் நோய் முதலில் அண்டியதிலிருந்து ஆறு நாளுக்குள் ஏற்றினால்தான் பலன். திங்களிலிருந்து எண்ணினால் நாளையோடு கெடு முடிகிறது. மருந்தை வரவழைக்கவே நேரமாகும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நான் அங்கே பேசி வைக்கிறேன் என்றார் டாக்டர்.

ப்ரியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றான் நெடுஞ்செழியன். "இன்னிக்கு அவங்களுக்கு வளைகாப்பு. பிளானோல."

டோல்வே நெடுஞ்சாலையில் பிளானோ போய்ச் சேருகிற வரை வசந்தாமணி ப்ரியாவின் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே ஓட்டினாள். அவளுக்கும் அழைப்பு வந்திருந்தது. ப்ரியாவின் அம்மா நாகமணி உடுமலைப்பேட்டையிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருப்பதும் தெரியும். மதியத்துக்கு மேல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தவள், இப்போது கடைக்குப் போன பழைய சுடிதாரோடு, வாயில் இப்படி ஒரு சேதியை வைத்துக்கொண்டு போகிறாள். இதைவிட வேறு தலையெழுத்து வேண்டுமா?

வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. உள்ளே ஹாலில் ப்ரியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கன்னத்திலும் சந்தனம், நெற்றி நிறையக் குங்குமம், ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஒவ்வொருத்தியாக வந்து வளையல் ஏற்றிவிட்டு, காதில் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ப்ரியாவின் புருஷன் சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தான்.

வசந்தாமணி நாகமணியைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. வசந்தாமணியின் இடது கண்ணையே பார்த்தாள்.

"அந்தப் பேச்ச இங்க எடுக்காதீங்க. நல்ல நாளும் அதுவுமா."

"நேரமில்லைங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

"பாதியில எந்திரிக்கக் கூடாதுங்க. முடியட்டும், பொறவு பாத்துக்கலாம். என்ற புள்ளகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." நாகமணி சமையலறை வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டாள். அந்தக் கை கிடுகிடுவென்று ஆடியது.

மறிப்பவளைத் தள்ளிக்கொண்டா போக முடியும்? வசந்தாமணி அங்கிருந்தே, அவள் தோளுக்கு மேலாக, கவுன்ட்டரில் பேசுகிற குரலை எடுத்தாள்.

"ப்ரியா! கவினுக்கு வந்திருக்கிறது அலர்ஜி இல்ல கண்ணு. தட்டம்மை. மீசில்ஸ். எந்திரி, ஆஸ்பத்திரி போகோணும்."

வளையல் போடக் குனிந்திருந்த பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். "வளைகாப்பு வீட்டுல இந்தச் சொல்லையா சொல்லுவாங்க" என்று யாரோ முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. வசந்தாமணிக்கு, சொன்னது சரி என்று தெரிந்திருந்தும் அவமானமாகத்தான் இருந்தது.

ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "அம்மா, என் பேக் எடுத்துட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று பேரும் முகமூடி போட்டுக்கொண்டு காரில் போனார்கள். நாகமணி பின் இருக்கையில்.

"எனக்கு ரெண்டு டோஸும் போட்டிருக்கு ஆன்ட்டி" என்றாள் ப்ரியா. "ரெக்கார்டு உங்ககிட்டதானே குடுத்தேன். அம்மாதான் எங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அனுப்பினாங்க. அதனால பயப்பட ஒண்ணும் இல்ல, இல்லையா?"

"இருக்காது கண்ணு" என்றாள் வசந்தாமணி. கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தாள். நாகமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் தனி அறைக்குள் விட்டார்கள்; போன் கேட்டு வந்த ப்ரியாவின் புருஷனை வெளியே இருக்கச் சொன்னார்கள். பரிசோதிக்க வந்த டாக்டர் இளம் பெண். ப்ரியா போனில் இருந்த சான்றிதழைக் காட்டினாள். டாக்டர் முகம் தெளிந்தது. ரெண்டு டோஸ் போட்டவருக்கு அந்த மருந்து தேவைப்படாது, கையிருப்பும் குறைவு, காரணமில்லாமல் ஏற்ற முடியாது என்றார். வசந்தாமணி ரத்தத்தில் சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்டாள். சோதிக்கலாம், ஆனால் முடிவு வர செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார். அதற்குள் கெடு கடந்துவிடும். சீலும் கையெழுத்தும் இருக்கிறது. அவளே ஏற்றுக்கொண்ட சான்றிதழ். எந்த வாயால் அதைப் பொய் என்று சொல்வாள்?

"தேங்க் காட்" என்று ப்ரியா கட்டிலை விட்டு இறங்கப் போனாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

நாகமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகள் இறங்குவதும் டாக்டர் போவதும் புரிய பாஷை வேண்டாமே. வசந்தாமணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"ஏனுங்க. என்ன சொல்றாங்க? மருந்து போடலையா?"

"ஊசி போட்டிருக்கறதால வேண்டாம்னு சொல்றாங்க."

நாகமணி மகளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"போடலீங்க."

"என்னது?"

"என்ற புள்ளைக்கு அந்த ஊசி போடவே இல்லீங்க. நான்தான் போட விடல. அமெரிக்கா போறப்ப டாக்டர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி எழுதி வாங்கினேன். அவங்கள நிறுத்துங்க, போகச் சொல்லாதீங்க!"

வசந்தாமணி "டாக்டர்!" என்று போட்ட சத்தத்தில் வராந்தாவில் நடந்துகொண்டிருந்த நர்ஸும் நின்றுவிட்டாள். வசந்தாமணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல டாக்டரின் சிரிப்பு மறைந்தது. உடனே போனை எடுத்து மருந்துக்குச் சொன்னார்.

"ஏம்மா?" என்றாள் ப்ரியா. குரலில் கோபம்கூட இல்லை, திகைப்புதான். "ஏன் போட விடல?"

நாகமணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான் கண்ணு. ஒம்பதாம் மாசம் அந்த ஊசி போட்டேன். அதே வாரத்துல அம்மை போட்டுருச்சு. ஊசிதான் கொண்டாந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுப் போக விடல. மூச்சு வாங்கி வாங்கி... என்ற மடியிலயே போய்ட்டான்."

சமையலறை வாசலில் மறித்த கை ஏன் அப்படி ஆடியது என்று வசந்தாமணிக்கு இப்போது விளங்கியது. சம்பிரதாயம் பிடித்த பிடிவாதக்காரி என்று காரில் வரும்போது மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்திருந்தாள். அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள்.

"ஊசியால இல்லைங்க. அதுக்கு முன்னாலயே அவனுக்கு ஒட்டியிருக்கும். ஊசி வேலை செய்யறதுக்குள்ள வந்துருச்சு. நீங்க பண்ணுனதுல ஒரு தப்பும் இல்லைங்க."

"அது இத்தன வருசம் யாரும் சொல்லலீங்களே" என்றாள் நாகமணி. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

ப்ரியாவுக்குக் காய்ச்சல் வரவில்லை, மே மாதம் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது, கவினும் தேறி எழுந்தான், அவன் கணக்கில் வசந்தாமணியே தன் கையால் ஹோல்ட் போட்டாள் என்பதையெல்லாம் இப்போதே சொல்லிவிடலாம். வாசிக்கிறவர்களை எதற்கு வீணாகப் பதற வைக்க வேண்டும்? ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது எதுவும் தெரியாது. மருந்து வருமா, வந்தாலும் பிடிக்குமா என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் மருந்து வந்தது. நர்ஸ் ஊசி ஏற்ற நரம்பு தேடினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல். மேலே தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. கர்ப்பத்தில் கை வேறு கொஞ்சம் வீங்கியிருந்தது. நர்ஸ் வெட்டுகிற கருவி ஒன்றை எடுத்துவந்தாள். வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. உடைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. நாகமணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று வசந்தாமணி தடுமாறுவதற்குள் நாகமணியே எழுந்து வந்தாள். நர்ஸின் கையை மெதுவாக ஒதுக்கினாள். சுவரில் இருந்த சோப்புத் தண்ணீரை உள்ளங்கை நிறைய எடுத்துக்கொண்டாள்.

"கையக் குடு கண்ணு."

"அம்மா, கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே..."

"குடு."

சோப்பு தடவி, விரல்களைக் குவித்து, ஒவ்வொரு வளையலாக உருவினாள். ஒன்றும் உடையவில்லை. உருவியதை எல்லாம் மடியில் போட்டுக்கொண்டாள். நர்ஸ் பொறுமையாக நின்றாள். பாதிக் கை வெறுங்கையானபோது ப்ரியா கேட்டாள்.

"அண்ணன் பேர் என்னம்மா?"

நாகமணியின் விரல்கள் நின்றன. மகளின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கனகராசு" என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பேர் வாயில் வந்துவிட்டதை நம்பாதவள் போல, இன்னொரு தரமும் சொன்னாள். "கனகராசு."

பிறகு அடுத்த வளையலை உருவினாள்.